மூன்று வருட மஞ்சக்காமாலை

மண்ணடியில் மூன்றாவது மாடி.
ஏஜென்ட் நீட்டிய தாளில் பதினாலாவது கேள்வி:
மனநோய்க்கு எப்போதாவது சிகிச்சை பெற்றதுண்டா.
பக்கத்தில் இரண்டு கட்டம்.
பேனா என்னிடம் இருந்தது.
இவருக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும்.

ஏஜென்ட் ஃபேனைப் பார்த்துச் சொன்னார்:
"ஆமான்னு போட்டா ஃபைல் இங்கியே படுத்துக்கும்.
சிங்கப்பூர்ல வெல்டருக்கா பஞ்சம்?"

தடைக்காலம் முடிந்த வாரம்
ஒன்பது ராத்திரி தூங்கவில்லை இவர்.
தவணையில் வாங்கிய நாலு வாஷிங் மெஷின்
வாசலில் நனைந்துகொண்டு நின்றன.
எங்கள் வீட்டில் குழாயே கிடையாது.
பத்தாம் நாள், விடியற்காலை மூணு மணிக்கு,
காசிமேட்டில் காலி ஐஸ்பெட்டி மேல் ஏறி
கடலை ஏலம் விட்டார்.
மீனை இல்லை. கடலை.
"எண்ணூர்லேந்து ராயபுரம் வரிக்கும், அலையோட சேத்து,
ஒரு லட்சம், ஒண்ணேகால்..."
எல்லாரும் சிரித்தார்கள்.
ஒருத்தன் இரண்டு லட்சத்துக்குக் கேட்டான்.
இவர் தரவில்லை, கட்டுப்படியாகாது என்றார்.

ஸ்டான்லியில் டாக்டரம்மா சின்னப் பெண்.
"லித்தியம்ங்கிறது ஒரு உப்புதாங்க.
மூணு மாசத்துக்கொரு தடவ ரத்தம் பாக்கணும்."
உப்பு என்றதும் இவர் தலை நிமிர்ந்தது.
அம்மா கருவாடு போட்டு வளர்த்த பிள்ளை.
"கூடுனாலும் கெட்டுச்சு, கொறஞ்சாலும் கெட்டுச்சு" என்றார்.
"அதேதான்" என்று எழுதிக்கொடுத்தாள்.

தெருவில் என்ன சொல்ல.
கீழ்ப்பாக்கம் என்ற பெயரையே
வசவாக வைத்திருக்கிற ஊர் இது.
மஞ்சக்காமாலை என்றேன்.

அன்று சாயங்காலமே ஷகிலாக்கா
தண்டவாள ஓரத்துக் கீழாநெல்லியைப் பறித்து
மோரில் அரைத்துக் கொண்டுவந்தாள்.
மூன்று வருடம் கொண்டுவந்தாள்.
மூன்று வருடமும் இவர் குடித்தார்,
முகம் சுளிக்காமல்,
ராத்திரி மாத்திரைக்கு முந்தி ஒரு டம்ளர்.

இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.
கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும்.
நடுங்கவில்லை.
வட்டிக்காரன் வீட்டுக்கு வருகிற நேரம் ஐந்தரை,
அப்போது மணி நாலு.

பட்டையிலிருந்து ஒவ்வொன்றாய் உதிர்த்து
ஆறு மாசத்து மாத்திரையை
சத்து மாத்திரை டப்பாவில் நிரப்பினோம்.
டாக்டரம்மா கொடுத்த கடிதம்
ஷூவுக்குள், அட்டைக்கு அடியில் போனது.

இப்போது ஃபோனில் நான் கேட்பது ஒன்றுதான்:
"உப்பு போட்டுக்கினியா?"
"போட்டுக்கினேன்."
கப்பல் வயிற்றுக்குள் குனிந்து வெல்டிங்,
சட்டையைப் பிழிந்தால் அரைக்குடம் வருமாம்.
ரொம்ப வேர்த்தால் ரத்தத்தில் அந்த உப்பு ஏறிவிடும்
என்று டாக்டரம்மா சொன்னது
இங்கே என் தூக்கத்தைத்தான் தின்கிறது.
அங்கே ரத்தம் பார்த்தால் கம்பெனிக்குப் போகுமா?
யாரைக் கேட்பது.
கேட்டாலே
அந்த இன்னொரு கட்டத்தில் டிக் போட்ட மாதிரி.

போன ஞாயிற்றுக்கிழமை சிரித்துக்கொண்டே பேசினார்.
பன்னிரண்டு பேர் படுக்கிற அறை.
மேல்கட்டில் அறந்தாங்கிக்காரன்
இருட்டில் டப்பா குலுங்குவதைக் கேட்டு
என்ன மாத்திரை என்றானாம்.
"இன்னா சொன்னே?"
"மஞ்சக்காமாலைன்னேன்."
"அதுக்கு?"
"கொஞ்ச நேரம் பேசவே இல்ல.
அப்புறம் மேலேந்து அவனும் ஒரு டப்பாவ குலுக்குறான்.
எனக்கும் அதே காமாலதாண்ணே, அஞ்சு வருசமான்றான்."
ரத்தம் எங்கே பார்க்கலாம் என்று அவனுக்குத் தெரியுமாம்.

இன்று தண்ணி லாரி வரிசையில் ஷகிலாக்கா
வழக்கம்போலக் கேட்டாள்:
"அங்க கீழாநெல்லி கெடைக்குமா உங்க ஊட்டுக்காரருக்கு?"
"காமால இல்லக்கா" என்றேன்.
அவ்வளவு வந்துவிட்டது வாயில்.
அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.
மிச்சத்தைச் சொல்வதற்குள்
லாரிக்காரன் ஹாரன் அடித்து வண்டியை எடுத்துவிட்டான்.
பாதிக் குடங்கள் காலி.
இனி சனிக்கிழமைதான் வருவான்.